எந்த நாய் கெதியாகக் காயும்?

நாய் வேண்டுமென்று எங்கள் வீட்டில் முதலில் வாய் திறந்து சொன்னது நான்தான். எந்த நாய் என்று முடிவெடுத்த இடத்தில் மட்டும் நான் இல்லை. ஒரேயடியாக இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு தடவை தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன், ஒரு தடவை வெறும் கோப்பைகளை எடுத்து வந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நிந்தவூரில் ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. எங்கள் வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு, அதைச் சுற்றியிருக்கும் வளவு, வளவில் நிற்கும் தென்னைகள் எல்லாவற்றையும் வாப்பா என் பெயருக்குத்தான் எழுதித் தந்தார். அந்த வளவில் நான் இரண்டு பெட்டை ஆட்டோடு தொடங்கினேன். இன்று பட்டியில் இருபத்தாறு நிற்கின்றன. மகள் கம்பஸ் போய்ப் படித்ததில் இந்த ஆடுகளுக்கு இருக்கிற பங்கு என் கணவரின் சம்பளத்துக்கு இருந்ததைவிடக் குறைவில்லை. அவரிடம் கேட்டால் தலையை ஆட்டுவார், வாயால் சொல்ல மாட்டார்.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். வாய்க்காலுக்கு மேலே ஒரு சின்ன மதகு. மதகைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வாய்க்கால் கரை வழியே ஆடுகளை நடத்திக்கொண்டு போய், விதைக்காத மேட்டு நிலத்தில் மேய விட்டு, பொழுது சாயுமுன் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பல வருசமாக இந்த வேலைக்கு ஒரு ஆள் இருந்தார். அவர் கட்டாருக்குப் போய்விட்டார். பிறகு நானும் ஒரு கம்பும்தான். இருபத்தாறு ஆட்டுக்கு முன்னால் நடந்தால் பின்னால் நிற்பது வயலுக்குள் இறங்கும், பின்னால் நடந்தால் முன்னால் போவது இறங்கும். சிறுபோகத்தில் இரண்டு தடவை அப்படி நடந்துவிட்டது. இரண்டாம் தடவை நாலு வரம்புக்குள் நின்ற ஒரு வரவைப் பயிர் முழுவதும் போயிற்று.

அதற்கு வட்டவிதானை வந்தார். எங்கள் வயல் வெளிக்குத் தண்ணீர் திறப்பது, வேலி பார்ப்பது, பிணக்குத் தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனுசன்தான். ஆனால் வாசலில் நின்று என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்துக் கதைத்தார்.

"சேர், சேர்ட ஆடு இன்னொரு தரம் வேளாண்மைக்குள்ள இறங்கினா நான் ஒண்டும் செய்யேலா. மாரி விதைச்சதும் நான் ஒரு நாள் வந்து பாப்பன். ஆட்டை அடக்கிக் கொண்டுபோற வழி ஒண்டு இரிக்கோணும். இல்லாட்டி கரையால ஆடு போகப்படாது எண்டு வயல்காரங்க கூட்டத்தில முடிவெடுப்பாங்க."

கரையால் போகக்கூடாது என்றால் ஆடுகளை விற்க வேண்டும். வேறு வழி இல்லை, வளவுக்குள் கட்டிவைத்து இருபத்தாறு வாய்க்குக் குழை வெட்டிப் போட என்னால் முடியாது. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற என் கணவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், "ஓம், ஓம், நாங்க ஒரு வழி செய்யிறம்" என்றார். சேர்ட ஆடு. ஒரு குட்டியின் காலை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாத மனுசனின் ஆடு.

அன்றிரவு சாப்பாட்டில் நான் சொன்னேன், வெளிநாட்டில் ஆடு மேய்க்கிற நாய்கள் இருக்கின்றன, ஒரு நாய் ஐந்து ஆள் வேலையைச் செய்கிறது, கைபேசியில் பார்த்தேன் என்று. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். இந்த வளவில் நாயா என்று கேட்டார். மௌலவியிடம் கேளுங்கள் என்றேன். அவர் கேட்டார் என்பதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். மந்தைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமிருக்கிறது, வீட்டுக்குள் வைக்காதீர்கள், சுத்தத்தைப் பேணுங்கள் என்று மௌலவி இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். இரண்டு வாக்கியத்தோடு முடிந்த விசயத்தை ஊர் இரண்டு மாதம் மென்றது. தினமும் காலையில் என்னிடம் ஆட்டுப் பால் வாங்கிப் போகிற அடுத்த வீட்டுக்காரி, இனி உங்கள் வீட்டுக்குள் மலக்குகளாகிய வானவர்கள் வரமாட்டார்கள் என்று பால் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பாலைத் தருகிற ஆட்டுக்குத்தான் நாய் என்று நான் சொன்னேன். மறுநாளும் போத்தலோடு வந்தாள்.

நாய் கிடைத்த வழி என் காக்காவின் வழி. காக்கா, என் மூத்த சகோதரர், பொத்துவிலில் கடல் அலையில் விளையாட வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கிறார். அவருடைய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சோடி பல வருசமாகக் குடியிருந்தது. கணவன் ஒல்லாந்துக்காரர், மனைவி அவுஸ்திரேலியாக்காரி. ஆளுக்கொரு நாய், தங்கள் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் மந்தை மேய்க்கிற சாதி, இரண்டும் அரிய சாதி. இலங்கை முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது என்று காக்கா சொன்னார். அந்தச் சோடி சீசன் முடிய ஊருக்குப் போகிறது. ஒரு நாயைத்தான் கூட்டிக்கொண்டு போக முடியும். மற்றதை ஆடு மாடு உள்ள வீட்டுக்கு, சும்மா, பார்த்துக்கொள்வோம் என்ற வாக்குக்குக் கொடுப்பார்கள். எது வேண்டும் என்பதை நாங்கள் சொல்லலாம்.

காக்கா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கைபேசியில் படங்களோடு வந்தார். ஒன்று அவுஸ்திரேலிய ஸ்டம்பி டெயில். பிறக்கும்போதே வால் கட்டை. காது இரண்டும் நிமிர்ந்து, நீலமும் சாம்பலும் கலந்த புள்ளி உடம்பு, மயிர் குட்டை, பொலிஸ் நாய் மாதிரி ஒரு நிலை. மற்றது ஒல்லாந்தின் ஸ்காப்பன்டூஸ். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. உடம்பு முழுக்க நீட்டு மயிர், முகத்தில் கண் எங்கே இருக்கிறதென்று தெரியாது, வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தலைகீழாக நிறுத்தியது போல இருந்தது.

என் கணவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நடுவில் அடிமட்டத்தால் கோடு கீறினார். ஒரு பக்கம் ஒரு நாய், மறுபக்கம் மற்ற நாய். முப்பது வருசம் கரும்பலகையில் எழுதிய கை அல்லவா, தலைப்புகளை அழகாக எழுதினார். மயிர். ஈரம். எச்சில். குரைப்பு. தோற்றம்.

இதில் ஈரம் என்ற தலைப்பை விளக்க வேண்டும். நாயின் ஈரம் உடம்பிலோ உடுப்பிலோ பட்டால் எங்கள் வீடுகளில் ஏழு தடவை கழுவுவோம், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். காய்ந்த நாய் காய்ந்த உடுப்பில் உரசினால் அந்த வேலை இல்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நானும் அதை மதிக்கிறவள்தான். ஆனால் அன்று இரண்டு பெரிய மனுசர்கள் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து, மாரி மழையில் நனைந்தால் எந்த நாய் கெதியாகக் காயும் என்று ஆராய்ந்தார்கள்.

"குட்டை மயிர் எண்டா ஒரு குலுக்குக் குலுக்கினா காஞ்சிரும் மச்சான்" என்றார் காக்கா. "இந்தச் சடையன் நனைஞ்சா மறுநாள் பகல் லுஹருக்கும் காயாது."

"கார்த்திகை, மார்கழியெண்டா நாள் முழுக்க ஈரம்தானே" என்று என் கணவர் நீட்டு மயிர்ப் பக்கத்தில் பிழையென்று ஒரு புள்ளடி போட்டார்.

எச்சில் என்ற தலைப்பில் இரண்டுக்கும் சரி சமம். தோற்றத்தில் காது நிமிர்ந்தது வென்றது. நான் கோப்பைகளை எடுக்கப் போனபோது தாளை எட்டிப் பார்த்தேன். அந்தத் தாளில் ஆடு என்ற சொல்லே இல்லை.

"ரெண்டும் ஆட்டை எப்பிடிச் சாய்க்கும் எண்டு ஆராவது கேட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் மேய்க்கிற சாதி எண்டுதானே செல்றாங்க" என்றார் காக்கா. "நீ பயப்புடாத. கழுவிற வேலை உனக்குக் குறையோணும் எண்டுதான் நாங்க பாக்கிறம்."

கழுவுகிற வேலை எனக்கு. அது என்னிடம் கேட்காமலே முடிவாகிவிட்டது. என் வேலையைக் குறைக்க அவர்கள் படுகிற பாட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம். நன்றி சொல்லவில்லை. நான் போய் நேரில் பார்க்கிறேன் என்றேன். எதற்கு வீண் அலைச்சல் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கட்டை வால் என்று முடிவு செய்து, காக்கா அந்த இடத்திலேயே பொத்துவிலுக்குத் தகவல் அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, கணவர் தொழப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் அடுப்பில் சோற்றை மூடி வைத்துவிட்டு, நான் பஸ் ஏறினேன். சொல்லாமல் போகவில்லை. மேசையில் அதே மாதிரி ஒரு தாள் வைத்து, பொத்துவிலுக்குப் போகிறேன், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வருவேன் என்று எழுதி வைத்தேன். அக்கரைப்பற்றில் பஸ் மாறி, திருக்கோவில் தாண்டி, பாதித் தூரம் நின்றுகொண்டே போனேன். என்னைப் போல ஒரு பெண் நாய் பார்க்கப் போகிறாள் என்று பஸ்ஸில் யாருக்காவது தெரிந்திருந்தால் இறக்கி விட்டிருப்பார்கள். என் மனதில் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. விதைப்புக்கு இன்னும் சில கிழமைகள், பிழையான நாய் வந்தால் ஆடுகள் போய்விடும்.

காக்கா என்னைக் கண்டதும் முகம் கறுத்தார். ஆனாலும் தங்கைக்கு ஒரு இளநீர் வெட்டித் தந்து, அந்தச் சோடியிடம் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துக் காணியில் ஒருவருடைய ஆடுகள் பத்துப் பதினைந்து மேய்ந்துகொண்டு நின்றன. நாய்கள் வேலை செய்வதைக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். காக்கா இங்கிலீசில் சொன்னார்.

அந்த அவுஸ்திரேலியாக்காரி முதலில் தன் நாயை விட்டாள். அது நேரே போனது. கடைசியாக நின்ற ஆட்டின் பின்னங்காலில் பல்லைப் பதித்து உடனே விட்டது. ஆடு கத்திக்கொண்டு பாய்ந்தது, மற்றவை நாலா பக்கமும் சிதறின. நாய் ஒவ்வொன்றாகக் குதிகாலைக் கவ்விக் கவ்வி மூலைக்குக் கொண்டுவந்தது. கெட்டித்தனம்தான், குறை சொல்லவில்லை. அவளே சொன்னாள், இது மாட்டு நாய், அசையாத மாட்டை அசைய வைக்கப் பிறந்தது என்று. என் பட்டியில் அப்போது ஏழு சினை ஆடுகள் நின்றன. காலில் கடிபட்டு ஒரு சினை ஆடு வாய்க்கால் சரிவில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தாளில் கோடு கீறியவருக்குத் தெரியாது.

பிறகு சடையனை விட்டார்கள். அது ஆடுகளுக்குக் கிட்டவே போகவில்லை. தூரத்தில் பெரிய வட்டம் போட்டு ஓடியது, மயிருக்குள்ளிருந்து எப்படிக் கண் தெரிந்ததோ, ஒரு ஆடு தலையைத் திருப்பினால் அதற்கு முன்னால் போய் நின்றது. ஒரு குரைப்பு, இரண்டு குரைப்பு. ஆடுகள் பயப்படவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடந்தன. ஒரு கிழட்டு ஆடு பின்தங்கியபோது நாயும் வேகத்தைக் குறைத்தது. இத்தனை மாதமும் நான் கம்போடு முன்னும் பின்னும் ஓடிச் செய்ய முடியாததை அது மூச்சு வாங்காமல் செய்தது.

"இதான்" என்றேன் காக்காவிடம்.

"மச்சானும் நானும் மற்றதுக்கு வாக்குக் குடுத்திட்டம்."

"ஆரிட ஆட்டுக்கு?"

"அதுக்கில்ல புள்ள. இதை மேய்க்கிறதெண்டா விசிலடிக்கோணும். கண்டயா, அவர் விரலை வாயில வெச்சு அடிக்கிறார். நீ வயல் வட்டைக்குள்ள நிண்டு விசிலடிப்பியா? ஊர் என்ன கதைக்கும்?"

அது உண்மை. ஒல்லாந்துக்காரர் மூன்று விதமாக விசில் அடித்துத்தான் அந்த நாயை ஆட்டினார். எங்கள் ஊரில் ஒரு பெண் விசிலடித்தால் ஊர் கதைக்கும், அதுவும் வயல் வெளியில் நின்று அடித்தால் கல்முனை மட்டும் கேட்கும். காக்கா வென்றுவிட்டது போலச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை முடிவாகக் கிளப்பிவிட்டது.

"காக்கா, வீடு ஆரிட பேருல இரிக்கி?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "உண்ட பேருலதான்."

"வளவு?"

"உண்ட பேருல."

"அப்ப அந்த வளவுக்குள்ள எந்த நாய் வாற எண்டு நான் செல்றன். விசிலை நான் பாத்துக்குறன்."

இந்த ஒரு வசனத்தை இருபத்தெட்டு வருசக் கல்யாண வாழ்க்கையில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பெண்ணின் வீட்டில் வந்து இருக்கிற மாப்பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்பதற்காக, வீட்டுக்காரியாகிய நான் வாடகைக்கு இருப்பவள் போல நடந்திருக்கிறேன். அன்று ஒரு நாய்க்காகச் சொல்ல வேண்டி வந்தது. சொன்னபோது வெட்கமாக இருக்கவில்லை, இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்றுதான் கோபம் வந்தது.

அடுத்த கிழமை காக்கா தன் சின்ன லொறியில் சடையனைக் கொண்டுவந்து இறக்கினார். கட்டை வால் தன் எசமானியோடு அவுஸ்திரேலியாவுக்குப் போயிற்று. அங்கே அதற்குக் கவ்வ மாடுகள் இருக்கும்.

என் கணவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சட்டம் போட்டார். நாய் முன் வாசலுக்கு வரக்கூடாது. கிணற்றடிக்கு வரக்கூடாது. அவர் நடக்கிற பாதையில் நிற்கக்கூடாது. சரி என்றேன், எல்லாம் நியாயம்தான். ஆனால் இந்தச் சட்டத்தை நாய்க்குப் படிப்பிக்க அவர் எடுத்த வழியைப் பாருங்கள். காலையில் தொழுதுவிட்டு வரும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழும்பும். உடனே கையை வீசி, "சீ, அங்கால போ" என்பார். பத்திரிகை வாசிக்க உட்கார்ந்தால் நாய் தூரத்தில் நின்று பார்க்கும். அதற்கும் "சீ, அங்கால போ." உள்ளே இருந்துகொண்டு ஜன்னல் வழியாகக்கூட ஒரு "சீ". அதற்கு ஒரு பெயர் வைப்போமா என்று கேட்டேன். நாய்க்குப் பெயர் வைத்து வீட்டு ஆளாக்கப் போகிறாயா என்றார். தூரமாக இருக்கச் சொல்வது வேறு, ஒரு உயிரைக் கண்டபோதெல்லாம் விரட்டுவது வேறு என்று நான் சொல்லிப் பார்த்தேன். தாகத்தில் நின்ற நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததற்கு நன்மை உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஊர் இது. அவர் பத்திரிகையைப் பிரட்டினார்.

காய்கிற பிரச்சினையை நான் மூன்று பின்னேரங்களில் தீர்த்தேன். தையல் கத்தரிக்கோலை எடுத்தேன், கைக்கு உறை போட்டேன், பட்டியடியில் நாயை உட்கார வைத்து மயிர் முழுவதையும் குட்டையாக வெட்டினேன். அது அசையாமல் இருந்தது. வெட்டி முடித்தபோது இரண்டு கண்கள் வெளியே வந்தன, பழுப்பு நிறக் கண்கள். எங்கள் வெக்கைக்கு அதற்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து தாளில் கோடு கீறிய இரண்டு பேருக்கும் நீட்டு மயிரை வெட்டலாம் என்று தோன்றவில்லை. அரிய சாதியின் அழகைக் கெடுத்துவிட்டேன் என்று காக்கா தொலைபேசியில் குறைப்பட்டார்.

விசிலுக்குப் பால் கறக்கிற தகரப் பேணியை எடுத்தேன். ஒரு கரண்டியால் ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் சுற்றிப் போ. விடாமல் தட்டினால் ஆடுகளைத் திருப்பு. நாய்க்குப் பத்து நாள் எடுத்தது, பழகிவிட்டது. எனக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக எடுத்தது. ஒரு மாதம் முடிய, இருபத்தாறு ஆடும் வாய்க்கால் கரையில் கயிறு கட்டி இழுத்தது போல ஒரே வரிசையில் நடந்தன. நாயின் ஈரம் பட்ட உடுப்பை ஏழு தடவை கழுவினேன், மண் வாளியைக் கிணற்றடியில் மூடி வைத்தேன், ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. என் கணவர் ஒருநாளும் வயல் பக்கம் வந்து பார்த்ததில்லை. ஆனால் கடைத்தெருவில், "நானும் மச்சானும் ரெண்டு சாதியையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் எடுத்த" என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நாலு பேர் வந்து எனக்கே சொன்னார்கள். அன்று முழுவதும் நான் சட்டிபானையைச் சத்தமாகத்தான் கழுவினேன்.

மாரி விதைப்பு முடிந்து பயிர் விரல் உயரம் வந்த ஒரு காலையில், தூறிக்கொண்டிருக்கும்போது வட்டவிதானை குடையோடு வந்தார்.

"சேர், நாளைக்குக் கூட்டம். உங்கட நாயை ஒருக்கா பாத்திட்டுப் போனா எனக்குக் கதைக்க லேசா இரிக்கும்."

நான் அடுப்படியில் நின்றேன். என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

"இரிங்க, காட்டுறன்" என்றார் என் கணவர். உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின் வளவுக்குப் போய், பட்டியின் கதவை முழுவதாகத் திறந்துவிட்டார். நான் ஒருநாளும் முழுவதாகத் திறப்பதில்லை. இருபத்தாறும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தன. பச்சைப் பயிரின் வாசம் காற்றில் வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த கிடாய் நேரே மதகைப் பார்த்து நடந்தது.

நாய் தென்னையடியில் நனைந்துகொண்டு படுத்திருந்தது. "இஞ்ச வா" என்றார் என் கணவர். நாய் எழும்பி நாலடி பின்னால் போனது. கையை வீசி இன்னும் சத்தமாக, "டேய், இஞ்ச வா" என்றார். அது வேலி மட்டும் போய் நின்றது. அவர் கூப்பிடக் கூப்பிட அது தூரமாகிக்கொண்டே போனது. அதில் நாயின் பிழை என்ன இருக்கிறது. இத்தனை நாளும் அந்தக் குரலில், அந்தக் கை வீச்சோடு அது கேட்டதெல்லாம் அங்கால போ என்பது மட்டும்தான். அது நல்ல பிள்ளையாகக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தது.

"சேர், கிடாய் மதகில ஏறிட்டு" என்றார் வட்டவிதானை.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நான் அசையாமல் நின்றேன். படட்டும் என்று நினைத்தேன். ஆட்களுக்கு முன்னால் நின்று அவர் விளங்கட்டும், யாருடைய ஆடு, யாருடைய நாய் என்று. பிறகுதான் உறைத்தது, கிடாய் அந்த மதகைத் தாண்டினால் அவமானம் அவருக்கு, ஆடு போவது எனக்கு.

பேணியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின் கதவில் நின்று ஒரு தட்டுத் தட்டினேன். நாய் என் பக்கம் திரும்பிய உடனே இரண்டு தட்டு. வேலியோரத்திலிருந்து வளவைக் குறுக்கறுத்து அது பறந்தது. நேர் வழியில் என் கணவர் நின்றார். அவர் விலக நினைக்குமுன் நாய் அவருடைய சாரத்தை உரசிக்கொண்டு போய், வாய்க்காலைப் பாய்ந்து கடந்து, மதகின் மறுபக்கத்தில் கிடாய்க்கு நேரே நின்றது. ஒரு குரைப்பு. கிடாய் திரும்பியது. நான் விடாமல் தட்டினேன். இருபத்தாறும் ஒட்டி நடந்து பட்டிக்குள் போயின. ஒரு நாற்றுக்கூட மிதிபடவில்லை.

வட்டவிதானை குடையை மற்றக் கைக்கு மாற்றினார். என் கணவரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கடைசியாக நேரே என்னைப் பார்த்தார். இந்த வாசலுக்கு வரத் தொடங்கிய காலத்திலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உங்கட ஆட்டைக் கரையால கொண்டுபோங்க ராத்தா. கூட்டத்தில நான் செல்றன்."

"ஓம். சந்தோசம்" என்றேன்.

அவர் போன பிறகு என் கணவர் வளவின் நடுவில் அப்படியே நின்றார். வெள்ளைச் சாரத்தின் ஒரு பக்கம் முழுக்க நாயின் ஈரம் அப்பியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்கு நான் போய் வேறு சாரம் எடுத்துக் கொடுத்து, நனைந்ததை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன்.

"மண் வாளி கிணத்தடியில இரிக்கி" என்றேன்.

கிணற்றடிக்குப் போனார். மண்ணை எவ்வளவு கரைப்பதென்று கேட்டார், சொன்னேன். குனிந்து உட்கார்ந்து கழுவத் தொடங்கினார். நான் பின் கதவில் நின்று எண்ணினேன். ஐந்தோடு எழும்பப் பார்த்தார். கணக்கு வாத்தியார்.

"இன்னும் ரெண்டு இரிக்கி" என்றேன்.